கூடு சப்ளை செய்த குயில்

ஒரு காட்டில், இணையத்தில் டெண்டர் விடாமல் ஒரு சுள்ளியைக்கூட வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்த புதிதில், மறுவாழ்வுத் துறையின் கொள்முதல் பிரிவில் ஓர் உடும்பு உதவியாளராக வேலை பார்த்தது. அந்த உடும்பு நான்தான். கதை சொல்கிறவர்கள் வழக்கமாகத் தங்களைக் கதைக்கு வெளியே நிறுத்திக்கொள்வார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் இந்தக் கதையில் நடந்த ஒவ்வொரு குளறுபடியிலும் என் நகக்கீறல் இருப்பதால் அதற்கு வழியில்லை.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, கையில் எடுத்த கோப்பை விடமாட்டேன். உடும்புப் பிடி என்று அலுவலகமே சொல்லும். அதற்காக வேலையை முடித்துவிடுவேன் என்று அர்த்தமில்லை. விடமாட்டேன், அவ்வளவுதான். இரண்டு, எனக்கு முட்டை என்றால் உயிர். எந்தப் பறவையின் முட்டையாக இருந்தாலும் சரி. பணியில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் 'உணவுப் பழக்கம்' என்ற இடத்தில் 'கலப்பு' என்று எழுதிச் சமாளித்துவிட்டேன்.

அந்த வைகாசியில் பேய்க்காற்று அடித்து இலுப்பைத் தோப்பில் பாதி மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை ஒரு சிட்டுக்குருவி என் ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்க இறக்கை தொங்கியிருந்தது.

"சார், கூடு போயிடுச்சுங்க. றெக்கையில அடி, நாரு சுமக்க முடியல. பத்து நாள்ல முட்டை இட்டாகணும். மழை வேற வரப்போகுது. மறுவாழ்வுத் துறையில கூடு தருவாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

முட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் என் நாக்கு ஒரு தரம் வெளியே வந்து போயிற்று. அவள் அதைப் பரிவு என்று எடுத்துக்கொண்டாள்.

"படிவம் நிரப்பும்மா. பத்து நாளைக்குள்ள வாங்கிக் கொடுத்துடலாம்" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி ஒருவர் தன் கூட்டைப் பின்னிக்கொண்டிருந்தார். காட்டிலேயே கூடு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேச்சைக் கேட்டு அவரே பக்கத்தில் வந்தார்.

"இதுக்கு எதுக்கு சார் படிவம்? நாரு கையில இருக்கு. ஒரு நாள் வேலை. நாளைக்கே கட்டித் தந்துடறேன்."

நான் சிரித்தேன். விவரம் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். "அதெல்லாம் கூடாதுங்க. வனச்சந்தையில வாங்க" என்றேன்.

வனச்சந்தை என்பது அரசு இணையதளம். துறைக்கு என்ன தேவையோ அதை அங்கே அறிவிக்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் விலை கொடுப்பார்கள். யார் விலை குறைவோ அவருக்கே ஆர்டர். குறைந்தது மூன்று பேராவது விலை கொடுத்திருக்க வேண்டும். இரண்டே பேர் என்றால் டெண்டர் ரத்து, மறு டெண்டருக்கு இன்னும் இருபத்தொரு நாள். சிட்டுக்குருவிக்கு இருந்ததோ பத்து நாள்.

இணையம் வருவதற்கு முன்பே எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். யாரிடம் வாங்கப் போகிறோமோ அவரிடமே, "கூட ரெண்டு கொட்டேஷன் வாங்கிட்டு வந்துடுங்க" என்போம். அவரும் மச்சான் பெயரில் ஒன்று, சித்தப்பா மகன் பெயரில் ஒன்று, இரண்டிலும் தன் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, வேறு வேறு மையில் எழுதிக் கொண்டுவருவார். துணைக் கொட்டேஷன் என்று அதற்குப் பெயர். இந்த மாதிரித் தில்லுமுல்லை ஒழிக்கத்தான் வனச்சந்தை வந்தது. வந்தபிறகு துணைக் கொட்டேஷனை ஸ்கேன் செய்து ஏற்றுகிற வேலையும் எங்கள் தலையில் விழுந்தது.

தூக்கணாங்குருவியிடம் அதே வழக்கத்தைச் சொன்னேன். "என் ஆளுங்க எல்லாம் ஏரிப்பக்கம் போயிட்டாங்க சார். ரெண்டு கொட்டேஷனுக்கு நான் எங்க போவேன்?" என்றார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சிட்டுக்குருவிக்காகத்தான் செய்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. மறு டெண்டர் என்றால் முப்பத்தேழு பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும் என்பது மீதி.

முதலில் காக்கையைப் பிடித்தேன். "பேருதானே, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அது வேறு வேலையாகப் பறந்தது. அடுத்து குயில். பாடுகிற ஆண்குயில் இல்லை. அவன் பாட்டோடு சரி. வீட்டு நிர்வாகம் முழுக்க அவன் மனைவி கையில். நான் பிடித்தது அவளை.

"சார், கூடு கட்டுறது எங்களுக்குப் பழக்கமில்லையே" என்று அவள் நெளிந்தாள்.

"பழக்கம் எதுக்கும்மா? உன் பேர் மட்டும் போதும். அதிக விலை போடுவேன், உனக்கு வராது."

முன்அனுபவச் சான்று ஒன்று இணைக்க வேண்டியிருந்தது. 'பல கூடுகளில் நேரடி அனுபவம் உள்ளவர்' என்று எழுதினேன். பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

என்ன மாதிரிக் கூடு வேண்டும் என்று டெண்டரில் விவரிக்கும் வேலையும் என்னுடையதே. 'தொங்கும் கூடு, பின்னல் வேலைப்பாடு' என்று எழுதினால் ஒருவருக்குச் சாதகம் என்று ஆட்சேபம் வரும். ஆகவே யாரும் குறை சொல்ல முடியாதபடி, 'முட்டையிட்டு அடைகாக்கத் தக்க, குழிவான அமைப்பு ஒன்று' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் டெண்டருக்கு மூன்று நாள்தான் அவகாசம். கடைசி நாள், மாலை மூன்று மணிக்கு விலைப் பெட்டி மூடும். அதுவரை அவசரமில்லை என்று இரண்டரைக்குத்தான் உட்கார்ந்தேன். காட்டிலுள்ள எல்லாத் துறையிலும் எல்லா உதவியாளரும் அதே கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள் போல, சர்வர் நொண்டியது. மூன்று பேருக்கும் நானே என் கணினியிலிருந்து விலை ஏற்றினேன். தூக்கணாங்குருவிக்கு நூறு கம்பு மணி, எங்கள் காட்டில் அதுதான் காசு. காக்கைக்கு நூற்றிருபது. குயிலுக்கு நூற்றுமுப்பது என்று அடித்தேன். அடித்ததாக நினைத்தேன். கடைசிப் பூஜ்ஜியத்தைத் தட்டும்போது திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு 'சமர்ப்பி'யை அமுக்கிவிட்டு, மூன்றும் ஏறிய சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். திறக்க வேண்டியவர் எங்கள் அதிகாரி கரடி. அவருடைய டிஜிட்டல் கையொப்பம் டோங்கிள் என்ற சின்னக் குச்சியில் இருக்கும். அதைச் செருகி, கடவுச்சொல் கொடுத்தால்தான் பெட்டி திறக்கும். கரடி சாருக்குக் கணினி என்றாலே தலைவலி. டோங்கிளும் கடவுச்சொல்லும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். ஆக, விலை கேட்டதும் நான், மூன்று பேராக நின்று விலை சொன்னதும் நான், திறந்து ஒப்பிட்டதும் நான். அப்படியிருந்தும் திரையில் வந்ததைப் பார்த்து அதிர்ந்து போனதும் நானேதான்.

குயில்: பதின்மூன்று கம்பு மணி. முதலிடம். வாழ்த்துகள்.

வனச்சந்தை தானாகவே குயிலுக்கு ஆர்டரை அனுப்பிவிட்டது. ரத்து செய்யக் காரணம் எழுத வேண்டும். உண்மையான காரணத்தை எழுதினால் எழுதியவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குயில் தானாகவே விலகிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று அவளிடம் ஓடினேன்.

"விலகிடும்மா. உன்னால முடியாத வேலை."

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "சார், பரம்பரை பரம்பரையா எங்களுக்கு ஒரே கெட்ட பேரு. கூடு கட்டத் தெரியாத சாதின்னு குஞ்சுலேருந்து கேட்டு வளர்ந்தவ நான். இன்னிக்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டு, 'அங்கீகரிக்கப்பட்ட கூடு சப்ளையர்'னு சொல்லியிருக்கு. வீட்டுக்காரர் காலையிலேருந்து அதையேதான் பாடிக்கிட்டிருக்கார். விலகச் சொல்றீங்களே!"

நான் அலுவலகத்துக்கே திரும்பினேன். தூக்கணாங்குருவி வந்து திரையை எட்டிப் பார்த்தார். நான் எப்படி எப்படியோ விளக்கினேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"என் பேர்ல நீங்களே விலை போட்டீங்க. குயில் பேர்ல நீங்களே என்னைத் தோக்கடிச்சீங்க. நல்லா இருங்க சார்" என்றார். அன்று மத்தியானமே தன் நார்களையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். அவர் போனபிறகு அந்தக் கருவேல மரத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் திரையை இழுத்து விட்டேன்.

சிட்டுக்குருவி தினமும் வந்தாள். "சார், கூடு வந்துடுச்சா?" என்பாள். "ஆர்டர் போயிருக்கு" என்பேன். ஆர்டர் என்ற சொல்லைக் கேட்டு அவள் நிம்மதியாகத் திரும்பிப் போவாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்காது.

ஆறாம் நாள் குயில் வந்தாள். "ஒரு காக்கா கூடு பார்த்து வெச்சிருக்கேன் சார். ஓனர் எப்ப வெளிய போவாங்கன்னு நேரம்கூடத் தெரியும்."

"அதுல காக்கா குடியிருக்கும்மா!"

"அதனாலதான் சார் தரம் உறுதி" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சிட்டுக்குருவி தொப்பலாக நனைந்து ஜன்னல் வழியே உள்ளே விழுந்தாள். "மன்னிச்சுக்குங்க சார், இதுக்கு மேல தாங்காது" என்றாள். என் மேசையில் தபால் தட்டு இருந்தது. வனச்சந்தை காகிதமில்லா நிர்வாகம் என்பதால் எல்லாவற்றையும் அச்செடுத்து அந்தத் தட்டில் வைத்திருந்தேன். அவள் அந்தக் காகிதங்களுக்கு நடுவே ஒரு குழி பறித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முதல் முட்டை. அடுத்தடுத்த நாட்களில் மொத்தம் நான்கு.

என் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் நான்கு முட்டைகள். என் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

நான்காவது முட்டை வந்த அன்று குயில் வந்தாள். தட்டைப் பார்த்தாள். கைபேசியை எடுத்து நாலு பக்கமும் நின்று படம் பிடித்தாள். இடமும் நேரமும் பதிவாகிற படம். அங்கேயே வனச்சந்தையில் ஏற்றினாள்.

"சப்ளை முடிஞ்சது சார். ஏத்துக்கிட்டேன்னு ஒரு தடவை அமுக்கிடுங்க."

"என்னது? இது என் தட்டும்மா!"

"'முட்டையிட்டு அடைகாக்கத் தக்க, குழிவான அமைப்பு.' நீங்க எழுதினதுதானே சார்? முட்டை இருக்கு. குழிவு இருக்கு." குரலைக் குழைத்து மெதுவாகச் சொன்னாள். "அப்புறம், ஊழல் விசாரிக்கிற விழிப்புப் பணி ஆந்தை மேடம் உங்களைப் பத்தி விசாரிச்சாங்களாம். மூணு விலையும் ஒரே கம்ப்யூட்டர்லேருந்து போயிருக்குன்னு சிஸ்டம் காட்டுதாம். சப்ளை வரலைன்னு புகார் போனாத்தான் ஃபைலைக் கையில எடுப்பாங்களாம்."

கரடி சாரின் டோங்கிளைச் செருகி 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பதை அமுக்கினேன். உடனே வனச்சந்தையிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கூடு ஒன்று, முட்டை நான்கு, பொறுப்பாளர்: உடும்பு.

மறுநாளே ஆந்தை நேரில் வந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"நீங்க உடும்புதானே?"

"ஆமாம் மேடம்."

"உங்க மேல ஒரு விசாரணை நிலுவையில இருக்கு. புகார் எதுவும் வராத வரைக்கும் எனக்கும் அவசரமில்ல. தினம் சாயந்தரம் எண்ணிப் பார்ப்பேன். நாலு முட்டை நாலாவே இருந்தா, நான் மத்த வேலையைப் பார்க்கப் போறேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

சிட்டுக்குருவிக்கு இது எதுவும் தெரியாது. "சார், ஒரு எட்டு போய் ரெண்டு தானியம் கொத்திட்டு வந்துடறேன். பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஓர் உடும்பின் முன்னால் நான்கு முட்டைகளை வைத்துவிட்டுப் பறந்து போவாள். அந்தக் கால்மணி நேரத்தை நான் கடந்த விதத்தை எப்படிச் சொல்வது? மேசைக் காலை இறுகப் பிடித்துக்கொள்வேன். பணியாளர் நடத்தை விதிகளை வாய்விட்டுப் படிப்பேன். ஒரு நாள் அழுதேன். அவள் திரும்பி வந்து பார்த்து, "என்ன சார், என் கஷ்டத்தை நினைச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். பசியில் அழுதேன் என்று எப்படிச் சொல்வது?

பன்னிரண்டு நாளில் நான்கும் பொரிந்தன. இறகு முளைக்காத நான்கு செக்கச் சிவந்த குஞ்சுகள். அம்மா இல்லாத நேரத்தில் ஒன்று என்னைப் பார்த்து வாயைப் பிளந்தது. பயத்தில் இல்லை, இரை கேட்டு. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எழுந்து போய் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து அதன் வாயில் வைத்தேன். என் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. இதை எங்கள் இனத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. பதினைந்து நாள் கழித்து நான்கும் ஜன்னல் வழியாகப் பறந்தன. அன்று முழுக்க அலுவலகம் வெறிச்சென்று இருந்தது. நான் நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் உடும்பு மனம் மாறியது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். முடியவில்லை.

தலைமையகத்தில் யாரோ குயில் ஏற்றிய படத்தைப் பார்த்துவிட்டார்கள். பதின்மூன்று கம்பு மணியில் கூடு! நான்குக்கு நான்கு குஞ்சும் பிழைத்திருக்கிறது! 'உடும்பு மேசைத் திட்டம்' என்று பெயர் வைத்து, காட்டிலுள்ள எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்கள். வீடிழந்த நூற்றிருபது சிட்டுக்குருவிகளுக்கும் ஆளுக்கு ஓர் உடும்பு, உடும்புக்கு ஒரு தட்டு. முழு சப்ளையும் குயிலுக்கு.

சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தேன். நான் அந்த முட்டைகளைத் தின்னாமல் இருந்தது நல்ல மனதினால் இல்லை. என் தலைக்கு மேல் ஒரு விசாரணை தொங்கியது. மற்ற நூற்றிருபது உடும்புகள் பாவம், ஒரு தப்பும் செய்யாதவர்கள். அவர்களுக்கு யாரிடம் என்ன பயம்?

கரடி சாரிடம் போனேன். "சார், இந்தத் திட்டம் மத்த இடத்துல சரிவராது."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் குயிலில் ஆரம்பித்து, பூஜ்ஜியம், மூன்று விலை, டோங்கிள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். டோங்கிள் என்றால் கரடி சாரும் மாட்டுவார். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வழக்கம்போல ஒரு குறிப்பு எழுதினேன்: 'பிற உடும்புகளின் பொருத்தப்பாடு பரிசீலிக்கப்படலாம்.' வனச்சந்தை அந்தக் குறிப்பை ஒரு கேள்வியாக மாற்றி எல்லா உடும்புகளுக்கும் அனுப்பியது. 'நீங்கள் முட்டைக்குப் பொருத்தமானவரா?' நூற்றிருபது பேரும் அன்றே 'ஆம்' என்று பதில் அனுப்பினார்கள். எங்கள் துறை வரலாற்றில் ஒரு படிவம் அவ்வளவு சீக்கிரம் நிரப்பப்பட்டதில்லை.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. 'வழங்கப்பட்ட தட்டுகள் 120. வைக்கப்பட்ட முட்டைகள் 466. முழுமையாகப் பயன்படுத்தப்பட்டன.' கரடி சார் அதைப் படித்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த 466-ஐ நான் தின்னவில்லை என்று சொன்னால் அது எழுத்தளவில்தான் உண்மை.

மறுநாள் காலை என் ஜன்னலில் சிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் முட்டை பறிகொடுத்தவை. அடுத்த ஈடு முட்டைக்கு இடம் கேட்டு வந்திருந்தன. அவர்களை அழைத்து வந்து முன்னால் நின்றவள் மட்டும் அந்தப் பழைய சிட்டுக்குருவி.

"நான் சொன்னேன்ல, இவர்தான்டீ" என்று மற்றவர்களிடம் சொன்னாள். "எல்லா உடும்பும் ஒண்ணு இல்ல. சார் தங்கம். சார், இவங்களையும் கொஞ்சம் பார்த்துக்குங்க."

அலுவலகத்திலிருந்த எல்லாத் தட்டுகளையும், அலமாரி இழுப்பறைகளையும் காலி செய்து வைத்தேன். அறை நிறைய முட்டைகள் வரப்போகின்றன. நினைக்கும்போதே நாக்கு வெளியே வந்தது. என்னை எனக்குத் தெரியும்.

கதவைப் பூட்டிக்கொண்டு நேரே விழிப்புப் பணி அலுவலகத்துக்கு ஓடினேன். ஆந்தை ஒரு கோப்பை மூடி, கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மேலே என் பெயர்.

"வாங்க. நல்ல சேதிதான். நாலு முட்டையும் பத்திரம், புகாரும் இல்ல. உங்க விசாரணையை இன்னியோட முடிச்சுடப் போறேன்" என்றாள்.

நான் அந்தக் கோப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

"மேடம், உங்க கால்ல விழறேன்" என்றேன். "முடிச்சுடாதீங்க. அது திறந்தே இருக்கட்டும்."

நீதி: முட்டையை நல்லவனிடம் ஒப்படைக்காதே, விசாரணை நிலுவையில் உள்ளவனாகப் பார்த்து ஒப்படை.